குருவிக்குக் கால் வைத்த ஆசாரி

குளுவாங் ரயில் நிலையத்துக்கு எதிரே நான் மருந்துக்கடை வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் ஒரு காலை, கடையைத் திறந்து பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, லாபிஸ் பக்கத்திலிருந்து வந்த ரயில்வண்டியில் அஞ்சலை இறங்கி வந்தாள். நம் பழைய தோட்டத்தில் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பவள். எப்போது வந்தாலும் தெருவிலிருந்தே குரல் கொடுப்பவள், அன்று பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். காய்ச்சலாக்கும் என்று கையைப் பிடித்துப் பார்க்கப் போனேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க டிரெஸ்ஸரய்யா. ஆசாரி போயிட்டாரு."

எப்போது என்று கேட்டேன். முந்தாநாள் என்றாள். சவப்பெட்டி யார் செய்தது என்று கேட்டேன். எத்தனையோ கேட்க இருக்க, ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"செய்ய யாரு இருக்கா? பாயில சுத்தித்தான் கொண்டு போனோம்."

அந்தத் தோட்டத்தில் செத்தவர்களுக்கெல்லாம் பெட்டி செய்தவர் சொக்கலிங்க ஆசாரி. அவருக்கு ஒரு பலகை இல்லாமல் போயிற்று. எனக்கு வந்தது துக்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அஞ்சலைக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

தோட்டம் கைமாறியபிறகு லாபிஸ், குளுவாங், சிங்கப்பூர் என்று சிதறிப்போன நம் ஆட்கள் இதை வாசிப்பீர்கள். உங்களில் பலர் அவர் செய்த கட்டிலில் பிறந்தவர்கள். அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கிறுக்கர் என்கிறார்கள் சிலர். துரையையே எதிர்த்து நின்ற சூரர் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தப்பு. நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவன். காயம் கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் என் வேலை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்குத் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே நின்று பேசுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்காது. கட்டில் கால் ஆடுகிறது, ஜன்னல் சாத்தவில்லை என்று ஆள் அனுப்பினால் வருவார். வரும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வார்டுக்குள் நடப்பார். நோயாளிகள் பயந்து போவார்கள். "ஐயா, அவரை உள்ள விடாதீங்க" என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. ஒரு நாள் பிடித்து நிறுத்தி, இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"ஏங் கண்ணு பொல்லாத கண்ணுங்க. படுத்திருக்கிற ஆளைப் பாத்தா, வேணாம்னாலும் அளந்துடும். உசுரோட இருக்கிறவங்களை நான் அளக்கக் கூடாது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. யாராவது இறந்துபோனால்தான் துண்டை எடுப்பார். தலையிலிருந்து கால்வரை ஒரே பார்வை. "அளந்தாச்சு" என்பார். அதற்குப் பிறகு கோலோ கயிறோ வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. பெட்டி சரியாக இருக்கும். அந்தச் சொல் அவர் வாயில் எல்லாவற்றுக்கும் வரும். சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும், வேலை முடிந்ததா என்று கேட்டாலும் அளந்தாச்சு என்பதுதான் பதில். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்த கையோடு அரிசித் தட்டுப்பாடு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரங்கூன் புழுங்கல் அரிசி வருவது நின்றுபோய், தோட்டத்தில் சயாம் வெள்ளை அரிசி போட்டார்கள். மல்லிகைப்பூப் போல இருக்கிறது என்று நம் பெண்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். தவிடெல்லாம் போகத் தீட்டிய அந்த அரிசியையே தின்றுகொண்டிருந்தால் பெரிபெரி வரும். காலில் மதமதப்பாகத் தொடங்கும். பிறகு வீங்கும், நடக்க வராது. நெஞ்சுக்கு ஏறினால் ஆள் போய்விடும். சீனர் குடியிருந்த கம்பங்களில் நான் பார்த்திருந்த நோய் அப்போது நம் ஆட்கள் குடியிருந்த லயத்துக்குள்ளும் வந்தது. அப்படி வந்து என் வார்டில் படுத்தவர்களில் ஒருத்தி ஆசாரியின் மனைவி செல்லம்மாள்.

அவர் தினமும் மாலையில் வருவார். வார்டுக்குள் வராமல், அவள் கட்டிலுக்கு நேராக இருக்கும் கதவு நிலையில், வெளியே பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அப்படியே பேசுவார்.

"என்னங்க, ஏம் மூஞ்சி அவ்வளவு மோசமாவா போயிடுச்சு?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"மூஞ்சிக்கு என்ன? நல்லாத்தான் இருக்கும்."

"பாக்காமயே சொல்றீங்க."

"பாக்கத்தான் போறேன். நீ எந்திரிச்சு நடந்து வா, நடக்கையில பாக்குறேன்."

துரையின் அண்ணன் சீமையிலிருந்து வரப்போகிறார் என்ற செய்தி வந்தது அப்போதுதான். தோட்டத்தை நடத்தியவர் நம் துரை என்றாலும் அது உண்மையில் அந்த அண்ணனுடையது. அவர் வரும்போது தோட்டத்து வாசல் வளைவில் தங்கள் குடும்பச் சின்னத்தை மரத்தில் செதுக்கி மாட்ட வேண்டும் என்று துரைக்கு ஆசை. ஆசாரியையும் என்னையும் பங்களாவுக்குக் கூப்பிட்டு, ஒரு தாளை மேஜையில் விரித்தார். ஒரு கேடயம். அதற்குள் முன்காலைத் தூக்கி நடக்கிற கலைமான். மானுக்கு மேலே ஐந்து முனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் மேல் சிறகை மடித்த ஒரு சின்னக் குருவி.

ஆசாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மான் மேல எந்தச் சாமி உக்காரும்?" என்று கேட்டார். நான் துரையிடம் சொன்னேன். யாரும் உட்கார மாட்டார்கள் என்றார் துரை. மான் தன் பாட்டுக்கு மேயும், சீண்டினால்தான் முட்டும், எங்கள் வம்சம் அப்படி என்பதற்காக அதை வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். ஆசாரிக்கு அது புரிந்தது. அடுத்து நட்சத்திரத்தைத் தொட்டார்.

"இது அவரு நட்சத்திரமா? ரோகிணியா, திருவாதிரையா?"

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனநிலையில் இருந்தார். நிதானமாகவே சொன்னார். அவர்கள் ஊரில் வீடும் நிலமும் மூத்த மகனுக்குத்தான். மற்ற மகன்கள் சின்னத்தில் ஆளுக்கொரு அடையாளம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மகனுக்கு நட்சத்திரம், நான்காம் மகனுக்குக் குருவி. துரையின் தகப்பனார் மூன்றாம் மகன். துரை அவருக்கு நான்காம் மகன். அதனால் நட்சத்திரத்தின் மேல் குருவி. அந்தக் குருவிக்குக் கால் கிடையாது. கால் ஊன்ற நிலம் இல்லாதவன், சிறகடித்துப் போய் எங்காவது பிழைத்துக்கொள்ள வேண்டியவன் என்று அதற்கு அர்த்தம்.

"காலு இல்லே. பாத்து வெட்டு" என்று ஆசாரியிடம் தன் தோட்டத்துத் தமிழில் சொல்லி முடித்தார்.

வெளியே வந்ததும் ஆசாரி, "பெத்த புள்ளைக்கு இப்படியா குறி போடுவாங்க?" என்றார். உள்ளதைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்குத் துரைமேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மெரந்தி மரப் பலகையில் வேலை நடந்தது. முடிகிறவரை ஆசாரி யாரையும் பார்க்க விடவில்லை. முடிந்தபின் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கிற நேரத்தில், பலகையை நிறுத்தித் துணியை எடுத்தார். மான் உயிரோடு நடப்பதாகவே இருந்தது. சிலர் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார்கள். துரை சிரித்துக்கொண்டே கிட்டப் போனார். குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. குருவிக்கு இரண்டு கால் இருந்தன. விரல், நகம், பின்னால் மடங்கிய ஒற்றை விரல் எல்லாம் சுத்தமாகச் செதுக்கியிருந்தார். நட்சத்திரத்தின் முனையை அந்தக் கால்கள் இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.

துரை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அடங்கியிருக்கும். "காலு வெட்டு" என்றார். ஆசாரி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுங்க தொரை."

"வெட்டு. வெட்டாட்டி நாளைக்கு நீ தோட்டம் விட்டுப் போ. பொஞ்சாதியும் கூட்டிப் போ."

என்னைத் தனியாக அழைத்து இங்கிலீஷில் சொன்னார்: இந்தக் காலைப் பார்த்தால் என் அண்ணன் என்ன நினைப்பான் தெரியுமா, தோட்டத்துக்கு நானே சொந்தக்காரன் என்று பீற்றிக்கொள்வதாக ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அவர் முகம் சிவந்திருந்தது. இத்தனை பெரிய மனிதர் அண்ணன் சிரிப்புக்கு இப்படி நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன். நடுக்கம் அவருக்கு, விரட்டப்படுவது எங்கள் ஆள்.

தோட்டத்தை விட்டுப் போனால் செல்லம்மாளுக்குக் கட்டில் இல்லை. மாட்டுவண்டியில் ஏற்றி, ரயிலில் வைத்து, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நிலையில் அவள் நெஞ்சு இல்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நேரே ஆசாரியின் கொட்டகைக்குப் போனேன். சிராய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். போன வேகத்தில் கத்தினேன்.

"மரக்குருவி ஐயா அது! காலு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வார்டுல படுத்திருக்கிறது மனுஷி. ரயில்ல ஏத்தினா வழியிலேயே போயிடுவா."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா முடியாதுன்னீங்க?"

அவர் உளியை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார்: "அவ காலு ரெண்டும் செத்துக் கெடக்கு டிரெஸ்ஸரய்யா. அந்த நேரம் பாத்து, ஒரு சீவனுக்குக் காலு இல்லாம செய்யச் சொல்றாங்க. எனக்குக் கை வரல. வர்றது வரட்டும்னு கால் வெச்சேன். வெச்ச மறுநாள்தானே அவ பெருவிரல் அசைஞ்சுதுன்னு நீங்க வந்து சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வாரம்தான் நான் கேட்டிருந்த பச்சைப்பயறு ரயிலில் வந்து சேர்ந்தது. பயறும் தவிடும்தான் அந்த நோய்க்கு மருந்து. பயற்றால் அசைந்தது என்று சொன்னேன்.

"பயறும்தான்" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். வெட்டத்தான் வேண்டும் என்று மட்டும் மறுபடி சொன்னேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் தலையை அசைத்தார்.

"வெட்டிடறேன். ஆனா வெட்டறப்ப நீங்க அவகிட்ட இருக்கணும். அவ காலைப் புடிச்சுக்கிட்டு இருங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் விடாதீங்க."

படித்தவன், வைத்தியம் தெரிந்தவன், நான் போய் அந்தப் பெண்ணின் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வீக்கத்தில் என் விரல் அமுங்கியது. செல்லம்மாள் கூச்சத்தில் சிரித்தாள்.

"என்னங்க ஐயா, காலைப் புடிச்சுக்கிட்டு?"

"நாடி பாக்குறேன்."

"கால்லயா?"

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து உளிமேல் விழும் கொட்டாப்புளிச் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவ்வளவுதான். என்ன சத்தம் என்று கேட்டாள். ஆசாரி வேலை செய்கிறார் என்றேன். அவர் வருகிறவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கதவு நிலையில் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, "அளந்தாச்சு" என்றார். அவர் குரல் எப்போதும்போல இல்லை.

பலகை வாசலில் ஏறியது. அண்ணன் துரை வந்த அன்று நல்ல மழை. கார் கான்வாஸை இழுத்து மூடிக்கொண்டு வளைவுக்குக் கீழே நுழைந்து நேரே பங்களாவுக்குப் போயிற்று. போகும்போதும் அப்படியே போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மழையில் வரிசையாக நிற்க வைக்கப்பட்டிருந்த எங்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. துரைக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் போன மறுநாள் செல்லம்மாள் இறந்தாள். காலையில் கஞ்சி கேட்டாள். கொண்டு வருவதற்குள் மூச்சு முட்டியது. நெஞ்சு நின்றுவிட்டது. அந்த நோய் அப்படித்தான், தேறி வருவதுபோலக் காட்டிவிட்டுக் கொண்டுபோகும். ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். துண்டை எடுத்தார். அவள் படுத்த நாளிலிருந்து பார்க்காதிருந்த மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால் வந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. எப்போதும் சொல்கிற சொல்லை அன்று அவர் சொல்லவில்லை. நடந்து வெளியே போனார். மாலையில் பெட்டி வந்தது. கால்மாட்டில் மட்டும் வேண்டியதைவிடக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

நம் ஆட்கள் தோட்டத்துக்கு மொண்டிக் குருவித் தோட்டம் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். லாபிஸ் கடைக்காரர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். மரத்துப் பாலை உறைய வைத்த கித்தா ஷீட் அடுக்கி அனுப்புகிற பெட்டிகளில் துரை அந்தக் குருவியைத்தான் முத்திரையாகப் போட்டார். அந்தப் பெட்டிகளையும் ஆசாரிதான் செய்தார். தான் வெட்டிய குருவியை ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்துக்கொண்டே வேலை செய்த மனிதர் அவர்.

அந்த வருஷங்களில் எத்தனையோ முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அரிசியைச் சொல்வேன், தவிட்டைச் சொல்வேன், நோய் காலில் ஏறி நெஞ்சில் முடிவதைச் சிராயால் தரையில் படம் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்பார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா வெட்டினது ஏங் கைதானே."

துரையை ஒரு வார்த்தை திட்டினதில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சூரர் என்று பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் எதிர்த்து நின்றது ஒரு காலை நேரம் மட்டும். மனைவிக்காக எதிர்த்தார், மனைவிக்காகவே வளைந்தார், இரண்டாலும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. கிறுக்கர் என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணன் சீமையில் இருந்தபடியே தோட்டத்தை விற்றுவிட்டார். நம் துரைக்கு அதில் ஒன்றும் இல்லை. புறப்படுவதற்கு முன் அவர் ஆசாரியின் கொட்டகைக்குத் தாமே நடந்து வந்தார். நான் அங்கே இருந்தேன். தலை நரைத்துப் போயிருந்தது. உட்காரச் சொல்லி ஆசாரி ஒரு முக்காலியை நகர்த்தினார். துரை உட்காரவில்லை.

"அந்தக் குருவிக் காலு இருக்கா?"

"இருக்குங்க தொரை."

நான் திடுக்கிட்டேன். அவர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"ஒட்டு. பலகை நான் கொண்டு போறேன். இனிமே யாரும் பாக்க மாட்டான்."

ஆசாரி கையில் இருந்த பலகையை இழைப்புளியால் ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"ஒட்ட மாட்டேங்க தொரை. இனிமே ஒட்டினா யாரு நடக்கப் போறா?"

துரை தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார், மறுபடி போட்டுக்கொண்டார். மரியாதைக்குக் கழற்றினாரா, வெயிலுக்குக் கழற்றினாரா, நான் சொல்ல முடியாது. பலகையைக் கேட்காமலே போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் அதைக் கழற்றி ஸ்டோருக்குப் பின்னால் போட்டார்கள். மழையில் கிடந்து செல்லரித்துப் போயிற்று என்று அஞ்சலை சொல்கிறாள்.

நானும் தோட்டத்தை விட்டு இங்கே வந்துவிட்டேன். கூடவே வாருங்கள், குளுவாங்கில் வேலைக்குக் குறைவில்லை என்று கூப்பிட்டேன். செல்லம்மாளைப் புதைத்த இடத்தைப் பார்த்தபடி இருந்தது அவர் லயம். வரவில்லை. அதற்குமேல் நான் வற்புறுத்தவும் இல்லை.

அஞ்சலை காப்பியைக் குடித்து முடித்தபின் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடைசி இரண்டு நாள் ஆசாரிக்கு நினைவு வந்து வந்து போனதாம். நினைவு வந்தபோது இதைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"டிரெஸ்ஸரய்யாகிட்ட குடுத்துடுன்னாரு. குடுத்து, புடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுன்னாரு. அவ்வளவுதாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது."

பிரித்தேன். இரண்டு மரக் கால்கள். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. கை பட்டுப் பட்டு நகமெல்லாம் மழுங்கிப்போயிருந்தன. வெட்டிய இடம் மட்டும் நேற்று வெட்டினதுபோல நேராக இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். செல்லம்மாள் அரிசியால் செத்தாள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் வண்டி போய், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்த இரண்டு கால்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறேன். அன்றைக்கு விடச்சொல்ல அவர் வந்தார். இனி வந்து சொல்ல ஆள் இல்லை. பிடித்துக்கொண்டிருக்கிறேன்.